ஹார்ட்வின் பிரபுவின் கருமாதிப் பத்திரிகை

ஜெர்மனி நாட்டில் எஷன்ஃபெல்ஸ் என்னும் கோட்டையை ஆண்ட ஹார்ட்வின் பிரபுவுக்கு, அவர் செத்து எழுநூற்று எண்பத்து மூன்று வருஷம் கழித்து, காஞ்சிபுரத்தில் கருமாதிப் பத்திரிகை அடித்தவள் ஐயம்பேட்டை பொன்னி. அடித்தது தான்தான் என்பதை அவள் மறுக்கவில்லை. அடிக்கச் சொன்னது ஒரு பல்கலைக்கழகம். அந்தப் பல்கலைக்கழகம் மட்டும் இன்றுவரை மறுத்துக்கொண்டிருக்கிறது.

பாலாற்றங்கரை உயராய்வுப் பல்கலைக்கழகம் செவிலிமேட்டைத் தாண்டியதும் வருகிறது. தவறவிடவே முடியாது, கோபுரம் மாதிரி வாசல் கட்டி அதன் உச்சியில் துணைவேந்தரின் படத்தை வைத்திருக்கிறார்கள். உள்ளே எதற்கெடுத்தாலும் ஒரு குழு. நூலகத்துக்குப் புத்தகம் வாங்க ஒரு குழு, வாங்கிய புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்ட ஒரு குழு, பூட்டிய புத்தகம் எதுவும் கிழியவில்லை என்று வருஷா வருஷம் சான்றளிக்க ஒரு குழு. இந்த மூன்றாவது குழுவுக்கு இரண்டு முறை விருது கிடைத்திருக்கிறது.

பொன்னிக்கு வயது முப்பத்திரண்டு. அப்பா அப்பாதுரை ஐயம்பேட்டைக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வரலாற்றில் எம்.ஏ. முடித்த பொன்னி, தங்கள் ஊர் ஏரியைப் பற்றி ஆய்வு செய்யப்போகிறேன் என்று ஆசை ஆசையாகப் போய் நின்றாள். வழிகாட்டியாக வாய்த்த பேராசிரியர் ராமராஜன் அவளை உட்காரவைத்து, டீ வரவழைத்து, ஏரியைத்தான் தினமும் பஸ்ஸிலிருந்து பார்க்கிறோமே, அதில் ஆராய என்னம்மா இருக்கிறது என்று அன்போடு கேட்டார். அந்த மாதம்தான் பல்கலைக்கழகம் ஜெர்மனியோடு ஏதோ ஒப்பந்தம் போட்டிருந்தது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அது ஜெர்மன் மொழியில் இருந்தது. ஆனாலும் ஜெர்மனியைப் பற்றி ஓர் ஆய்வேடாவது வந்தால்தான் மரியாதை என்று துணைவேந்தர் நினைத்தார். அப்படித்தான் 'ஹார்ட்வின் பிரபுவின் வாழ்வும் குடும்பமும்' என்ற தலைப்பு பொன்னியின் தலையில் வந்து விடிந்தது.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. இரண்டு வருஷம் செல்போனில் ஜெர்மன் படித்தாள். அப்பாவின் ஆட்டோவில் முன்சீட்டில் ஒட்டிக்கொண்டு வினைச்சொற்களை முணுமுணுத்தபடி வருவாள். தினமும் கோயில் வாசலில் பூ விற்கப் போகும் அம்சா அதைக் கேட்டுவிட்டு, பொண்ணுக்கு ஏதாவது வேண்டுதலா என்று விசாரித்தாள். ஜெர்மனியில் இருக்கும் ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டதில், ஹார்ட்வின் பிரபு தன் வாயால் சொல்ல ஒரு துறவி எழுதி வைத்த தோல்சுருளின் படங்கள் வந்து சேர்ந்தன. அதுவரை அதை முழுசாக யாரும் படித்ததில்லை. பொன்னி படித்தாள்.

பிரபு என்றதும் யானை, சேனை என்று கற்பனை செய்ய வேண்டாம். ஒரு கோட்டை, ஒரு மாவு மில், பன்றி மேயும் ஒரு காடு, அவ்வளவுதான் அவர் சொத்து. மனைவி பேர் மெக்டில்ட். பிறந்த இரண்டு பிள்ளைகளும் தொட்டிலிலேயே போய்விட்டன. கூடப்பிறந்தவன் ஒரே தம்பி, கொன்ராட். சிலுவைப் போருக்குக் கிளம்பி வா என்று ஓலை வந்தபோது, ஹார்ட்வின் தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றித் தம்பி விரலில் போட்டார். நான் வரும்வரை என் பேரில் நீ முத்திரை போடு என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார். அதற்கப்புறம் நடந்தது பொன்னியின் ஆய்வேட்டில் ஐந்தாம் இயல். அதை எழுதும்போது மட்டும் அவள் இரண்டு தடவை எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

ராமராஜன் அந்த இயலைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். எந்த இயலையும் அவர் தூக்கித்தான் பார்ப்பார், பிரித்துப் பார்க்கிற வழக்கம் இல்லை. கொஞ்சம் இளைச்சிருக்குதேம்மா என்றார். பொன்னி எழுத்தின் அளவைப் பெரிதாக்கி மறுபடி அச்செடுத்துக்கொண்டு போனாள். இப்போது கனம் சரியாக இருப்பதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஆறு வருஷத்தில் அவர் சொன்ன ஒரே திருத்தம், இடது ஓரத்தில் ஒன்றரை அங்குலம் விடவேண்டும் என்பது.

ஆனால் மனுஷர் நல்லவர் என்று பொன்னி சத்தியமே செய்வாள். மூன்று வருஷத்துக்கு முன் அவள் அம்மா மணியம்மாள் போனபோது, பதினாறாம் நாள் கருமாதிக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஐயம்பேட்டைக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். காலையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடைசிப் பந்தியில் சாப்பிட்டார். கிளம்பும்போது அப்பாதுரையின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே இவ என் பொண்ணுபா. டாக்டர் பட்டத்தோடதான் உங்கிட்டத் திருப்பித் தருவேன்" என்றார். அப்பாதுரை, பெண்டாட்டி செத்தபோது அழாதவர், அன்றைக்கு அழுதார்.

அடுத்த வாரமே ஆட்டோவின் முதுகில் சிவப்புப் பெயிண்டில் 'டாக்டர்' என்று எழுதிவிட்டார். பேரை எழுதவில்லை. பட்டம் வருவதற்கு முன்னால் பேரை எழுதினால் கண் பட்டுவிடும் என்று அந்த இடத்தை விட்டுவைத்தார். மூன்று வருஷமாக ஏறுகிறவர்கள் எல்லாம் அவரிடம் முட்டி வலிக்கு மருந்து கேட்டார்கள். அம்சா மட்டும் விஷயம் தெரிந்தவளாக, டாக்டர் வந்தாச்சா என்று கேட்பாள். "படிச்சுக்கினு இருக்குதும்மா, வந்துடும்" என்பார் அப்பாதுரை. தினமும் கேட்பாள், தினமும் சொல்வார்.

ஆறு வருஷக் கெடு முடிய இரண்டு மாதம் இருந்தது. கெடுவுக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர் வேலைக்குப் பொன்னியைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள், பட்டம் வந்ததும் சேரலாம் என்று. நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் கட்டுப்போட்டு எடுத்துக்கொண்டு போனாள். அலுவலகத்தில் ஒரு தாள் குறைகிறது என்று திருப்பினார்கள். என்ன தாள் என்று கேட்டதற்கு, ஆய்வுக்கு உட்படுவோர் நலன் காக்கும் குழுவைப் போய்ப் பாருங்கள் என்றார்கள்.

அந்தக் குழுவின் தலைவர் கிருஷ்ணவேணி அம்மையார். குழுவின் படிவம் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்து, தலைப்பை மட்டும் மாற்றியது. ஆய்வுக்கு உட்படுபவர் ஊசி போட்டுக்கொள்ளச் சம்மதிக்கிறாரா, ஆய்வின்போது அவருக்கு வாந்தி மயக்கம் ஏற்பட்டதா, எத்தனை முறை என்று கேள்விகள் இருந்தன. கடைசியில் ஆய்வுக்கு உட்படுபவர் கையெழுத்துப் போடவேண்டும். பொன்னி பணிவாக, அவர் இறந்துவிட்டாரம்மா என்றாள். அம்மையார் ஒரு நிமிஷம் கண்ணை மூடி மௌனமாக இருந்துவிட்டு, எப்போது என்று கேட்டார். ஆயிரத்து இருநூற்று நாற்பத்தொன்றில் என்றாள் பொன்னி. அதற்கு ஆதாரம் கேட்டார்கள். புத்தகங்களைக் காட்டினாள்.

"புத்தகத்துல ஆயிரம் எழுதுவாங்கம்மா. நான் இறப்புச் சான்றிதழ் கேக்கறேன், வாரிசுச் சான்றிதழ் கேக்கறேன். நாளைக்கு அவர் குடும்பத்துல இருந்து ஒருத்தர் வந்து, எங்க வீட்டு விஷயத்தை எங்களைக் கேக்காம எப்படி எழுதினீங்கன்னு வாசல்ல நின்னா, பல்கலைக்கழகம் என்ன பதில் சொல்லும்? அவர் எந்த ஊரா இருந்தா என்ன, எந்த நூற்றாண்டா இருந்தா என்ன. மனுஷனுக்கு மானம் ஒண்ணுதானே" என்றார் அம்மையார். உறுப்பினர்கள் நான்கு பேரும் குறித்துக்கொண்டார்கள்.

பொன்னி தாலுகா ஆபீசுக்கும் போய்ப் பார்த்தாள். அங்கே இருந்த எழுத்தர் மனுவை இரண்டு தரம் படித்தார். பிறகு தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, கூட யாராவது வந்திருக்கிறார்களா, வீடு எங்கே, ஆட்டோ பிடித்துத் தரட்டுமா என்று கேட்டார். இந்தக் கதையில் வருகிற புத்தியுள்ள அதிகாரி அவர் ஒருவர்தான். அதனால் அவரைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

திரும்பி வந்து கண் கலங்கி நின்றவளுக்குக் குழு இரங்கியது. தனிச் சலுகையாக ஒரு தீர்மானம் போட்டது. காஞ்சிபுரம் பக்கத்தில் எந்தக் குடும்பத்திலும், யார் யார் வாரிசு என்பதற்குக் கருமாதிப் பத்திரிகைக்கு மேல் சாட்சி கிடையாது. அதில் பேர் விட்டுப்போனால் பங்காளி ஜென்மத்துக்கும் பேசமாட்டான், பேர் இருந்தால் எந்தப் பஞ்சாயத்திலும் அவன் வாரிசுதான். ஆகவே இறந்தவரின் கருமாதிப் பத்திரிகை ஒன்று, வாரிசின் பெயர், உள்ளூர் முகவரி, தொலைபேசி எண்ணோடு, கூடவே வாரிசின் ஆட்சேபணை இல்லாக் கடிதம் ஒன்று. இவை இருந்தால் போதும் என்றது தீர்மானம்.

பொன்னி ராமராஜனிடம் ஓடினாள். உள்ளூர் முகவரியோடு ஹார்ட்வினுக்கு வாரிசு எங்கே போய்த் தேட என்று கேட்டாள். அவர் நாற்காலியில் சாய்ந்து, அந்த ஆளுக்கு யார்தான் மிச்சம் என்று விசாரித்தார். அவளுடைய ஆறு வருஷ உழைப்பைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. பிள்ளைகள் இல்லை, தம்பி வகையறா மட்டும்தான் சார் என்றாள்.

"சரி, தம்பி வகையறான்னு என் பேரைப் போட்டுடும்மா. என் நம்பரைக் குடு. எவனாவது போன் பண்ணா நான் பேசிக்கறேன். ஒரு தாளுக்காக உன் வாழ்க்கை நிக்கணுமா?"

அவள் அப்படியே குனிந்து அவர் காலைத் தொட்டாள். அவரும் நன்றாக இருக்கச் சொல்லி ஆசீர்வாதம் செய்தார்.

பஸ் ஸ்டாண்டு அருகே அச்சகம் வைத்திருக்கும் சிட்டிபாபுவிடம் போனாள். அவள் அம்மாவுக்குப் பத்திரிகை அடித்ததும் அவர்தான். மாதிரிக்கு அந்தப் பத்திரிகையையே பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அம்மாவின் பேர் இருந்த இடத்தில் ஹார்ட்வின் பேரை அவர் தட்டச்சு செய்வதைப் பார்க்க முடியாமல், வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிட்டிபாபு போட்டோ கேட்டார். கல்லறை மேல் செதுக்கிய உருவத்தின் படம்தான் இருந்தது, அதைக் காட்டினாள்.

"ஏம்மா படுத்துக்கினு இருக்காரு? உக்காந்தா மாதிரி வேற இல்லியா?"

இல்லை என்றாள். சிட்டிபாபு படத்தை நிமிர்த்தி நிற்க வைத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, கீழே மலர்வு, உதிர்வு என்று வருஷங்களைப் போட்டார். உதிர்வு வருஷத்தைப் பார்த்து இது தப்பு என்று அவராகவே திருத்தப் போனதைப் பொன்னி தடுத்தாள். 'துயரத்தில் வாடும்' என்பதன் கீழ் மெக்டில்ட் பேரும், கடைசியில் 'தம்பி கொன்ராட் வகையறா: பேராசிரியர் ராமராஜன், செவிலிமேடு' என்று செல்போன் எண்ணோடும் வந்தது. பத்திரிகையோடு இணைக்கும் உறுதிமொழியில், நான் ஆய்ந்து அறிந்தவரை இவரே வாரிசு என்று பொன்னி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். யாரும் அவள் கையை முறுக்கவில்லை. அவளாகத்தான் போட்டாள்.

பத்திரிகை போய்ச் சேர்ந்த மறுநாளிலிருந்து ராமராஜன் சவரம் செய்துகொள்ளவில்லை. பங்காளித் தீட்டு என்று எழுதிக்கொடுத்துப் பத்து நாள் விடுப்பு எடுத்தார். துறைத்தலைவர்கள் வரிசையாக அவர் வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரித்தார்கள். வயசு என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம், ஐம்பத்து மூணு, சாகிற வயசா என்று சொல்லித் துண்டால் கண்ணைத் துடைத்தார். துணைவேந்தர் அரைநாள் விடுமுறை அறிவித்தார், ஜெர்மனிக்கு ஓர் இரங்கல் தீர்மானம் போயிற்று. சார் தனக்காக இவ்வளவு நாடகம் ஆடுகிறாரே என்று பொன்னி நெகிழ்ந்துபோனாள். அவர் வீட்டுக்குப் பால் பாக்கெட்டும் பழமும் வாங்கிக்கொண்டு போனாள். அவள் நெகிழ்ந்ததை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

கெடுவுக்குப் பத்து நாள் இருக்கும்போது குழு கூடியது. பொன்னியை ஓரத்தில் உட்காரச் சொன்னார்கள். வாரிசின் கடிதத்தை அம்மையார் உறையைக் கிழித்து எடுத்தார். ஆட்சேபணை இல்லை என்று இரண்டு வரி இருக்கும் என்று பொன்னி காத்திருந்தாள். கடிதம் நான்கு பக்கம் இருந்தது. ஆட்சேபணை இருந்தது.

எங்கள் குடும்பத்தின் வாழ்வையும் தாழ்வையும் குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் ஆராய்ந்து பட்டம் பெறுவதை வாரிசு என்ற முறையில் ஏற்க இயலாது என்று கடிதம் சொன்னது. மேற்படி நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும் குடும்ப ஆவணங்கள், அவை வாரிசிடம் சேரவேண்டியவை என்றும் சொன்னது. பொன்னி எழுந்து, சார் வாரிசு இல்லை, அது சும்மா பேருக்குப் போட்டது என்றாள். அம்மையார் உறுதிமொழித் தாளைத் திருப்பி, இது யார் கையெழுத்து என்று கேட்டார்.

தாடியோடு உட்கார்ந்திருந்த ராமராஜன் பேச எழுந்தார்.

"இந்தப் பொண்ணை நான் என் மகளாத்தான் பாத்தேன். அவ அம்மா காரியத்துல கடைசிப் பந்தியில உக்காந்து சாப்பிட்டவன் நான். அதனாலதான் சொல்றேன், அடுத்தவன் சொத்து மேல அவளுக்கு ஆசை வரக்கூடாது. நாளைக்கு இதே மாதிரி அவ உழைப்பை யாராவது எடுத்துக்கிட்டா அவளுக்கு எப்படி இருக்கும்? அதை அவ யோசிக்கணும்."

குழு கைதட்டியது. வரலாற்றுத் துறையில் இப்படியொரு நேர்மையைத் தான் பார்த்ததில்லை என்று அம்மையார் சொன்னார், அதுவும் குறிக்கப்பட்டது. வெளியே வந்து மாடிப்படியில் பொன்னி அவரை மறித்தாள். ஏன் சார் என்று மட்டும்தான் கேட்க முடிந்தது. அவர் அவள் தலையில் கை வைத்தார். தனக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் இருக்கிறது, சொந்தமாக ஒரு புத்தகம் இல்லாமல் போகக்கூடாது, அவளுக்குச் சின்ன வயசு, இன்னொன்று எழுதிக்கொள்ளலாம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவர் முகத்தில் வெட்கம் தேடினாள். அப்படி ஒன்று அங்கே இருந்ததாகத் தெரியவில்லை.

அதன்பின் காரியங்கள் மளமளவென்று நடந்தன. ராமராஜனின் நூலுக்கு, நூல் என்றால் இடது ஓரத்தில் ஒன்றரை அங்குலம் விட்ட அதே நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கு, பல்கலைக்கழகத்தின் மிக உயர்ந்த, முதுமுனைவர் என்னும் டாக்டர் பட்டம் என்று முடிவாயிற்று. பதினாறாம் நாள் கடந்து தீட்டு கழிந்துவிட்டதால் விழா வைக்கத் தடையில்லை என்று ஜோசியரிடமும் கேட்டுவிட்டார்கள். பொன்னியை அழைத்து, விழாவில் ராமராஜன் படிக்கவேண்டிய ஏற்புரையை அவளே எழுதித் தரவேண்டும், அந்தக் குடும்பத்தைப் பற்றி அவளுக்குத்தானே தெரியும் என்றார்கள். எழுதித் தந்தால் புதிய தலைப்பில் புதிதாக ஆறு வருஷம் அருளப்படுமாம்.

பொன்னி எழுதித் தந்தாள். ராமராஜன் வாங்கித் தூக்கிப் பார்த்து, ரெண்டு பக்கம்தானா என்றார். பிறகு, எழுத்து பெரிதாக இருப்பதால் பரவாயில்லை என்று ஜிப்பா பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் அவள் இதையெல்லாம் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வாள். விழா பேனர் ஊரெல்லாம் கட்டியிருந்ததில் ராமராஜன் படத்தையும் டாக்டர் பட்டம் என்ற வார்த்தையையும் சேர்த்துப் பார்த்த அப்பாதுரை, தன் மகளுக்கும் அன்றைக்குத்தான் தருகிறார்கள் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சாருக்குப் போர்த்த ஒரு பட்டுச் சால்வையும் வாங்கிக்கொண்டு, பொன்னி வருவதற்கு முன்னாலேயே அரங்கத்தின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்ததும் பொன்னி பக்கவாட்டுக் கதவின் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ராமராஜனுக்குப் பரிவட்டம் கட்டினார்கள், மாலை போட்டார்கள். துணைவேந்தர், ஜெர்மனியில் பிறக்கவேண்டியவர் செவிலிமேட்டில் பிறந்தது நம் பாக்கியம் என்றார். ராமராஜன் மைக்கைப் பிடித்து, பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். அந்தத் தாளை அவர் பிரித்தது அப்போதுதான். கம்பீரமாகப் படித்தார்.

"அவையோரே, என் மூதாதை கொன்ராட் சாதாரண மனிதர் அல்லர். அண்ணன் தன்னை நம்பி விரலில் போட்டுவிட்டுப் போன மோதிரத்தை வைத்து, அந்த அண்ணன் உயிரோடு இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார் என்று எழுதி, அதே மோதிரத்தால் முத்திரை குத்தியவர். அந்தக் கோட்டையில் ஒரு கல்லை அவர் எடுத்து வைத்ததில்லை. ஆனாலும் கோட்டை அவருடையது ஆயிற்று. நம்பினவரின் உழைப்பை எடுத்துக்கொண்டு, நம்பினவரை வெளியே நிறுத்தியவர் அவர். அவர் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன். அவருடைய உண்மையான வாரிசு நான் என்பதில் பெருமைப்படுகிறேன்."

இந்த இடத்தில் கூட்டம் உறைந்துபோகும் என்று பொன்னி கணக்குப் போட்டிருந்தாள். ஒரு நொடி மௌனம், ஒரு முணுமுணுப்பு, யாராவது ஒருவர் எழுந்து என்ன இது என்று கேட்பது. அவள் கையில் இருந்த ஒரே ஆயுதம் அது. அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். கிருஷ்ணவேணி அம்மையார் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். ராமராஜனுமே, தான் படித்தது என்ன என்று தெரியாமல், கைதட்டல் வந்த இடத்தில் நிறுத்தி, அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படித்தார். இரண்டாவது முறை இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

பொன்னிக்கு அழுகை வரவில்லை. அவள் மெல்ல எழுந்து பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்தாள். சால்வை போர்த்த மேடைக்கு வரிசை நின்றது. அந்த வரிசையில் பாதி தூரம் போயிருந்த அப்பாதுரை, சால்வையைக் கவரோடு அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவளுக்குப் பின்னாலேயே வந்தார்.

வாசலில் காவலாளி அவள் அடையாள அட்டையை வாங்கிக் கருவியில் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. நேற்றோடு ஆறு வருஷம் முடிந்துவிட்டதாம். தப்பா எடுத்துக்காதம்மா, இனிமே உள்ள வரணும்னா ராமராஜன் சார் கிட்ட லெட்டர் வாங்கிக்கினு வரணும் என்று சொல்லி, அட்டையைத் திருப்பித் தராமல் மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார். பொன்னி போய் ஆட்டோவில் முன்சீட்டில் ஏறினாள். அப்பாதுரை வண்டியைக் கிளப்பவில்லை.

"சார் படிச்சாரே, அது நீ எழுதினதா?"

"ஆமாம்பா."

"அந்த அண்ணங்காரன் திரும்பி வந்தானா?"

எட்டாவதுக்கு மேல் படிக்காத மனுஷர். அத்தனை பேராசிரியர்கள் உட்கார்ந்திருந்த அரங்கத்தில் அந்த ஏற்புரையைக் காது கொடுத்துக் கேட்டவர் அவர் ஒருவர்தான். பொன்னி அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"வந்தான்பா. ஏழு வருசம் கழிச்சு வந்தான். கோட்டை வாசல்ல காவக்காரன் விடல. ஹார்ட்வின் செத்துட்டாரு, காரியம்லாம் முடிஞ்சிடுச்சு, உள்ள வரணும்னா அவரோட வாரிசு கிட்ட லெட்டர் வாங்கிக்கினு வான்னுட்டான்."

"அப்புறம்?"

"எதிர்லயே ஒரு குடிசை போட்டுக்கினு பதினோரு வருசம் உக்காந்திருந்தான். அவன் சொல்லச் சொல்ல ஒரு சாமியார் எழுதி வச்சாரு. அதைத்தான் நான் படிச்சேன்."

"கடைசி வரைக்கும் உள்ள போகவே இல்லியா?"

"இல்லப்பா."

அப்பாதுரை மடியில் இருந்த சால்வைக் கவரைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அதை சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். செவிலிமேட்டிலோ வழியிலோ கை காட்டின யாருக்கும் நிறுத்தவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பும் இடத்தில் காலிப் பூக்கூடையோடு அம்சா நின்றாள். அவளுக்கு மட்டும் நிறுத்தினார். பின்சீட்டில் கூடையை வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்த அம்சா, வழக்கம்போலவே, வெள்ளைச் சட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, இன்னாபா, டாக்டர் வந்தாச்சா என்று கேட்டாள்.

அப்பாதுரை ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வந்துதும்மா. உள்ள விடல."